கல்லு வூடு

எஞ்சினீயர் சுப்புராமனின் செங்கற்பட்டு ஆபீசுக்குள் சாராள் நுழைந்த வேகத்தில், மேஜைமேல் விரித்திருந்த வரைபடம் சுருண்டு கீழே விழுந்தது. பின்னாலேயே வந்த அவள் கணவன் மோசஸ் அதை எடுத்து வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினான். வம்பென்றால் அவன் பத்தடி தள்ளித்தான் நிற்பான்.

"சார், நல்லா கீதுன்னு நீங்க சொன்ன வூடு எங்க தலைமேலயே விழப்போவுது!"

எழுபத்தைந்தாம் வருஷத்துப் புரட்டாசி அது. செங்கற்பட்டில் நர்ஸ் வேலை பார்த்த சாராள், பல வருஷச் சேமிப்பையும் வளையல்களையும் கரைத்து மகாபலிபுரம் கடலோரத்தில் அந்த வீட்டை வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாங்குமுன் நேரில் பார்த்து யோசனை சொல்லச் சுப்புராமனைத்தான் அமர்த்தினாள். "உள்ளே போய் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தேன், நூறு வருஷம் நிற்கும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் மனுஷர். இப்போது உத்தரமெல்லாம் கரையான். சுவரில் கை நுழையும் விரிசல். ஐப்பசி மழைக்குக் கூரை தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அந்தக் கூரைக்கு அடியில்தான் இரண்டு குழந்தைகள் படுக்கின்றன.

சுப்புராமன் சிரித்தார். "கருங்கல் சுவர்ல எப்படிம்மா விரிசல் வரும்?"

"கருங்கல்லா?" என்று மோசஸ் வாயைத் திறந்தான். சாராள் சட்டென்று அவன் காலை மிதித்தாள். அவள் வீட்டில் கருங்கல் என்று இருந்தது அம்மி ஒன்றுதான்!

"நீங்களே வந்து காட்டுங்க சார்" என்றாள் பணிவாக.

"இப்பவே வரேன். வாங்க!"

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மோசஸ் கிசுகிசுத்தான். "இன்னாத்துக்கு மே கால மிதிச்ச?"

"கம்னு வா. அவரே வழி காட்டட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் எந்தப் பக்கம் திரும்புவாரோ என்று அவளுக்கே நிச்சயமில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கிய சுப்புராமன், குடையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். சாராள் வீட்டுக்குத் தெற்கே திரும்ப வேண்டும். அவர் வடக்கே திரும்பினார்! விடுவிடுவென்று போய், கருங்கல்லால் கட்டிய ஒரு வீட்டின் முன் நின்றார்.

"இதோ! கடலோரம் கல் வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கே விரிசல்?"

"சார், இது தனக்கோடி அக்கா வூடு. எங்க வூடு அந்தாண்ட கீது!"

சுப்புராமன் வீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கீற்றுக் குடிசைகளுக்கு நடுவே செங்கல் வைத்துக் கட்டியது எதுவானாலும் அந்தக் கரையில் அது 'கல்லு வூடு'தான். சாராள் சொன்ன கல் செங்கல். அவர் காதில் விழுந்த கல் கருங்கல். ஆனால் மனுஷர் லேசில் விடுவாரா?

"அப்போ தப்பு உங்க வார்த்தையிலேதான்! செங்கல்னு தெளிவாச் சொல்லியிருக்கணும்" என்று குடையைத் தரையில் ஊன்றினார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பின்னிக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். சாராள் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி சார், தப்பு என் வாயிலயே இருக்கட்டும். உள்ள போயி உத்தரத்தைத் தட்டிப் பாத்தேன்னீங்களே, இந்த வூட்டு உத்தரத்தையாவது தட்டினீங்களா?"

"பின்னே? தட்டாமலா?"

சத்தம் கேட்டு வெளியே வந்த தனக்கோடியிடம் திரும்பினாள் சாராள். "யக்கா, இவரு உன் வூட்டுக்குள்ள வந்தாரா?"

தனக்கோடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரா? வாசப்படியே ஏறல சிஸ்டரு! கொடைய புடிச்சுகினு நின்னாரு. ஓட்டு கேக்க வந்துகீறாருன்னு நெனச்சி மோர் குடுத்தேன். குடிச்சிட்டு இன்னொரு சொம்பு கேட்டாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கோர்ட்டு உங்க ஆபீசுக்கு எதிர்த்தாப்லதான் சார் கீது" என்றாள் சாராள். "அக்காவ சாட்சி சொல்ல பஸ்ஸுல ஏத்திகினு வர எவ்ளோ நேரமாவும்?"

"நாளைக்கே வரேன்! புதுப்பொடவ கட்டிகினு வரேன்!" என்றாள் தனக்கோடி.

சுப்புராமன் குரல் இறங்கியது. "முதல்ல உங்க வீட்டைக் காட்டுங்கம்மா."

ஊர்வலம் போலக் கூட்டமும் பின்னாலேயே வந்தது. வீட்டுக்குள் போனதும் சாராள் ஒரு நாற்காலியை நடு உத்தரத்துக்கு நேர் கீழே போட்டாள்.

"குந்துங்க சார்."

அவர் மேலே பார்த்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்தார்.

"இன்னா சார், தள்ளிப் போறீங்க? எம் புள்ளைங்க தெனம் அங்கதான் படுக்குதுங்க."

சுப்புராமன் இன்னொரு முறை உத்தரத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மழைக்கு முன்னால என் செலவிலேயே உத்தரம் மாத்தித் தரேம்மா."

"செவுரு?"

"சுவரும்தான்."

தெருவில் கைதட்டல் எழுந்தது. திடீரென்று யாரோ கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பார்த்தால் மோசஸ்! தோளில் பக்கத்து வீட்டு ஏணி.

"ஏறுங்க சார்!" என்றான். அவன் குரலா அது என்று சாராளே அசந்துபோனாள். "இந்த வாட்டி தட்டிப் பாத்து சொல்லுங்க!"

சுப்புராமன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முதல் உத்தரத்தில் தட்டினார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரையான் மண் கொட்டியது. இரண்டாவது, மூன்றாவது.

"மூணுமே மாத்தணும்மா" என்று முனகினார்.

"தெருவுல கீறவங்களுக்குக் கேக்கல சார்!"

இருமிக்கொண்டே அவர் ஏணியிலிருந்து கத்தினார்: "மூணையும் மாத்தணும்! நானே மாத்தித் தரேன்!"