இருபத்துமூன்று வரி வெற்றிடம்

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. என் மகன் ஒரேலியன் கேட்டான். எங்கள் குடும்ப நாளிதழ் 'லெ ஃபனால்' நூற்று நாற்பதாம் ஆண்டை எட்டுகிறது. அதன் வரலாற்றை நூலாக்குகிறான். "எல்லா அத்தியாயமும் புள்ளிவிவரமா கெடக்குப்பா. 1942-ஐ மட்டும் நீங்க கதையா எழுதிக் குடுங்க" என்றான். இப்போது அவன் இயக்குநர். அவனுக்கு முன் நான். எனக்கு முன் என் தந்தை எத்தியென் பிரோனோ. எழுத வராத பிரோனோ எவனும் இந்த ஊரில் பிறந்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

அது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தாயிற்று. ஐந்தாவது இது:

"1942 பிப்ரவரியில் ஒரு மாலை, ஜெர்மன் தணிக்கையாளர் அனுப்பிய அறிவிப்பைப் படித்த எத்தியென் பிரோனோ, அச்சுக்கூடத்துக்கு இறங்கிப் போய், கட்டி முடித்திருந்த முதல் பக்கத்திலிருந்து இருபத்துமூன்று ஈய வரிகளைத் தம் கையாலேயே உருவி எடுத்து"

இங்கே பேனா நின்றுவிட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

(எங்கள் ஊரில் இந்தக் காட்சியை அறியாதவர் இல்லை. அலுவலகக் கூடத்தில் ஆளுயர ஓவியமாகத் தொங்குகிறது. ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுத்தால் வெகுமதி என்பதுதான் அந்த அறிவிப்பு. மறுநாள் ஃபனால் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டோடு வந்தது. முதல் உலகப் போரில் தணிக்கை வெட்டிய இடத்தை வெறுமையாக விடலாம். இரண்டாவதில் அது குற்றம். விடுதலைக்குப் பிறகு, ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வெளிவந்த நாளிதழ்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். எங்களுடையதை மூடவில்லை. அந்த வெள்ளைத் துண்டு காப்பாற்றியது.)

2

நேற்று பிற்பகல் பிளாந்தின் என்ற பெண்மணி என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். அந்த நாளில் ஈய வரிகளை அடுக்கிப் பக்கம் கட்டியவர் அன்செல்ம் ரபியார், அவருடைய மகள். எண்பத்துமூன்று வயது. சிப்பிப் பண்ணையில் உழைத்துக் காய்த்த கைகள். ஒரு கிண்ணம் பினோ மது ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை. ஓவியத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"யாரு வரைஞ்சது முசியே?"

"ஏன் மதாம்?"

"வரைஞ்சவன் அச்சுக்கூடத்துக்குள்ள காலே வெச்சிருக்க மாட்டான். மொதலாளி பளிங்குல கை வெக்கிறாராம்! எங்கப்பா வெரல ஒடிச்சிருப்பாரு."

பளிங்கு என்பது பக்கம் கட்டும் மேசை. இரும்பாக மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. அதில் கிடக்கும் ஈயத்தை அச்சுத் தொழிலாளி தவிர வேறு எவரும் தொடக் கூடாது. ஆசிரியரானாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகீழாகப் படிக்கலாம், அவ்வளவுதான். தொட்டால் கூடம் முழுவதும் வேலையை நிறுத்தும். நானே முப்பது ஆண்டுகள் அப்படிக் கை கட்டி நின்றவன். பேனா நின்றதற்குக் காரணம் அதுதான்.

அந்த ஓவியத்தின் கீழே எத்தனை தொழிலாளிகள் கடந்து போயிருப்பார்கள்! ஒருவரும் வாய் திறந்ததில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தே

(வேண்டாம். அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

பிளாந்தின் பையிலிருந்து மடித்த நாளிதழ் ஒன்றை எடுத்தார். வெள்ளைத் துண்டுக்கு மறுநாள் வந்த இதழ். லாவெண்டர் மணம் வீசியது.

"அம்மா இதத் துணி அலமாரித் தட்டுல விரிச்சு வெச்சிருந்தாங்க. ஒங்க தொகுப்புல இந்தப் பக்கம் இருக்கா முசியே?"

"எலி தின்றுவிட்டது."

"தொகுப்பறையில போய்ப் பாத்தேன். மேலேருந்து கீழ வரைக்கும் நேர்கோடா தின்னிருக்கு. படிச்ச எலி."

ஞாயிறன்று நூல் வெளியாகும்போது தன் தந்தை பெயர் அதில் இருக்க வேண்டும் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பக்கத்தை என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

3

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ரபியார் வரிகளை உருவினார், என் தந்தை கடைசிவரை அவரைக் காத்தார். அழகாக வந்தது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: எல்லாம் பழைய பழக்கத்தின் பிழை, முதல் போர்க்காலத்துத் தொழிலாளி, தணிக்கையாளர் தாளைப் பார்த்ததும் வழக்கப்படி இடம் விட்டுவிட்டார். இது அவரையும் சிறுமைப்படுத்தும். கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: நூலில் இருபத்துமூன்று வரிகளை வெறுமையாக விடுவது. அறிந்தவர்கள் அறிந்துகொள்ளட்டும். கண்ணியமான குடும்பத்துக்குக் கண்ணியமான வழி என்று பட்டது. இன்று காலை பிளாந்தினுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"வெத்திடமா?" என்றார். "அத எங்கப்பா செஞ்சிட்டாரு முசியே. ஒங்க வேலை எழுதறது."

வைத்துவிட்டார்.

சரி. எலி இல்லை. 1979-இல், தந்தையை அடக்கம் செய்த வாரம், தொகுப்பறையில் நின்று சவர பிளேடால் நானே வெட்டினேன். தந்தையின் மேசையில் ஜெர்மானியர் அனுப்பிய கடிதமும் இருந்தது. பக்கத்தையும் கடிதத்தையும் சேர்த்து எரித்தேன். நாளிதழ் வருத்தம் தெரிவித்து அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று மட்டுமே அதில் கேட்டிருந்தார்கள். செய்தவர் பெயரைக் கேட்கவில்லை. பிளாந்தினுக்கு இது தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும்.

4

லெ ஃபனால், 13 பிப்ரவரி 1942, முதல் பக்கம்:

"நேற்றைய இதழில் ஓர் அறிவிப்பு வெளிவராததற்கு வருந்துகிறோம். இச்செயல் நிர்வாகத்தின் அறிவுக்கும் விருப்பத்துக்கும் மாறாக, பக்கம் கட்டுநர் அன்செல்ம் ரபியார் (வலைக்காரர் தெரு, எண் 9) என்பவரால் செய்யப்பட்டது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இயக்குநர், எ. பிரோனோ."

5

பதினைந்தாம் தேதி காலையில் ஜெர்மானியர் வந்தார்கள். தெருவில் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிளாந்தினுக்கு அப்போது நான்கு வயது. ரபியார் திரும்பவில்லை.

ஒரேலியன் இதைப் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"நாலாவது பகுதி வேணுமாப்பா? நம்ம பேரு அது."

"ஆமாம். நம்ம பேருதான்."

"மூணாவதோட முடிச்சா என்ன? ஒங்களப் பத்தி சொல்றது போதாதா? தாத்தாவயும் இழுக்கணுமா?"

நாளைக் காலை பதினோரு மணிக்கு இது அச்சுக்குப் போகும். எதையும் நீக்கும் உரிமை இயக்குநருக்கு உண்டு. எனக்கும் இருந்தது, பயன்படுத்தினேன். இனி இந்தத் தாள்களில் என் கை படாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டேன்.

ஆகவே முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களைத் திருப்பிப் பகுதி எண்களைச் சரிபாருங்கள். மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்திருந்தால், எங்கள் வீட்டு எலி மறுபடியும் வந்துவிட்டது. நான்கு இருந்தால், அதை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். அதில் ஒரு பெயர் இருக்கிறது.