மருந்துக்கு மூன்று நாள்

1

இந்தக் கதை ஓர் இருமல் மருந்து பாட்டிலிலிருந்து பிறந்தது. கதை பிறந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழகாகப் பொய் சொல்வது எழுதுகிறவர்களின் வழக்கம். மழை பெய்தது, ரயில் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது என்போம். எனக்கு அந்த வசதி இல்லை. பாட்டில் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது, மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"குளிர்காலத்தில் பூநாரைகள் பம்பாயின் செவ்ரிச் சதுப்புக்கு வருவதைப் போல, அந்த ஆண்டு அக்காவும் எங்கள் திலக் நகர் வீட்டுக்கு...

அடித்துவிட்டேன். பறவையையும் அக்காவையும் ஒரே கயிற்றில் கட்டினால் நீங்கள் தலையாட்டுவீர்கள், தெரியும். ஆனால் அது பொய்க் கணக்கு. பூநாரை எப்போது திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும், மழை வந்தால் போய்விடும். அக்கா எப்போது போவாள், போவாளா என்பதுதான் தெரியவில்லை. இந்தக் கதையில் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் நாகராஜ். வாரநாளில் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் காமிரா, நடுநடுவே இப்படி எழுத்து. மூன்றிலும் சுமார்தான். மாலதி என் மனைவி, தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அக்கா சண்முகவடிவு, கடையத்திலிருந்து மார்கழிப் பிறப்புக்கு வந்தாள். அத்தான் பிரம்மநாயகம் கடையத்திலேயே இருக்கிறார். தங்கமான மனிதர், பேச்சு மட்டும் குறைவு.

"பம்பாய்க் குளிரைப் பாக்கணும்னு வந்தேன்" என்றாள் அக்கா, வாசலில் பெட்டியை வைத்ததும். பம்பாயில் குளிர் என்று ஒன்று இருப்பதாக நம்பி ஸ்வெட்டர் வாங்கி வந்தவள் எங்கள் குடும்பத்திலேயே அவள் ஒருத்திதான். ஃபைவ் கார்டன்ஸ் கூட்டிப்போனேன், டயமண்ட் கார்டன் கூட்டிப்போனேன். மாதுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ விலை கேட்டுச் சிரித்தாள். மார்கழி முடிந்தது. பொங்கல் வந்தது. எங்கள் காஸ் அடுப்பில் அக்காதான் பானை வைத்தாள்.

இங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கட்டிக்கொடுத்த பெண் பொங்கலன்று தம்பி வீட்டில் பானை வைத்தால், அவள் வீட்டில் யார் வைத்தார்கள்?

(மும்பைக்காரர்கள் கேட்பீர்கள்: இதென்ன பெரிய விஷயம், எப்போது ஊருக்கு என்று அவளையே கேட்டுவிட வேண்டியதுதானே? முடியாது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் கிளம்பு என்று அர்த்தம். பந்தியில் சோறு போட மறந்தவனைக்கூட எங்கள் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள், இந்தக் கேள்வி கேட்டவனை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.)

"அரே, உங்க அக்காதானே? நேரா கேளுங்க" என்றாள் மாலதி.

"நீ கேளு."

"நான் கேட்டா மருமக துரத்திட்டான்னு ஆயிடும். நான் மாட்டேன் பாபா."

அதனால் கேள்விக்கு வேஷம் போட்டுப் பார்த்தேன். "தை பொறந்தா வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்னியேக்கா?" என்றேன். "யாராச்சும் அடிப்பாக" என்றாள். "வெயில்ல கூட்டம் ஜாஸ்தி, ரயில்ல டிக்கெட்டே கெடைக்காது" என்றேன். "ஆமா, பாவம் சனங்க" என்றாள். இவள் வெகுளியா, இல்லை என்னைவிடக் கெட்டிக்காரியா என்று இன்றுவரை குழப்பம்.

3

ஒரு ஞாயிறு விடியலில் செவ்ரிக்குப் போனோம். திலக் நகரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்தால் நேராகப் போய்விடலாம். அக்கா ஸ்வெட்டர், மங்கி கேப், கையில் இட்லி டப்பாவோடு வந்தாள்.

பறவைப் படம் எடுப்பவனுக்கு முதல் பாடம், கிட்டே போகாதே. கடல் ஏறும் நேரம் பார்த்துக் கரையில் சும்மா நிற்க வேண்டும். தண்ணீர் ஏற ஏறச் சேற்றில் மேயும் பூநாரைகள் தாமாகவே நம் பக்கம் ஒதுங்கும். நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் எல்லாம் போச்சு.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அக்காவிடமும் நான் இப்படித்தான் அசையாமல் நின்றேன், அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன் என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. பறவையையும் அக்காவையும் மறுபடி கட்டிவிட்டேன் என்று கண்டுபிடித்து எடுத்துவிட்டேன்.]

"இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்றாள் அக்கா.

"குஜராத் பக்கம், கட்ச்லேர்ந்து."

"திரும்பிப் போகுமா?"

"மழை வந்தா போயிரும்."

"போகலன்னா அங்க தேடுவாகளோ?"

பறவையை யார் தேடுவார்கள்? அவளைப் படம் எடுத்தேன். பின்னால் ரோஜா நிறத்தில் ஒரு கூட்டம், முன்னால் மங்கி கேப்போடு அக்கா. என் காமிராவில் விழுந்த நல்ல படங்களில் அதுவும் ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "அக்காவின் பம்பாய்க் குளிர்" என்று எழுதினேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள், சிலர் இதயம் போட்டார்கள். அத்தான் மட்டும் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார்.

அந்தக் கையை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் தெரியுமா? கூட்டிக்கொண்டு சுற்றியதற்கு நன்றியா? போதும் சாமி என்றா? நல்லா இருக்கட்டும், நான் விட்டுவிட்டேன் என்றா?

4

(மாலதி படித்துவிட்டு எடுக்கச் சொன்ன பகுதி. அவள் அக்காவைப் பற்றி என்னிடம் சொன்னது இதில் இருந்தது. கெட்டதாக ஒன்றுமில்லை. "மதினி இருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க நிம்மதியா இருக்காங்களான்னுதான் தெரியல" என்றாள். எடுக்கச் சொன்னதை எழுதிவிட்டேன். அவளிடம் பாட்டுக் கேட்கத் தயார்.)

5

சேற்றுக் காற்று ஒத்துக்கொள்ளாமல் அக்காவுக்கு இருமல் பிடித்தது. மாலதி மருந்து வாங்கி வந்தாள். மூடியில் ஊற்றிக் கொடுத்து, நல்ல மனசோடு, "மூணு நாள் விடாம குடிங்க மதினி, சரியாயிடும்" என்றாள்.

அக்கா குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மருந்துக்கு மூணு நாளுதான். அதே மாதிரி...

நிறுத்திவிட்டாள்.

தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் மீதியைச் சொல்லித் தரத் தேவையில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள். மாலதிக்கு அந்தப் பழமொழி தெரியாது. அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றாள். நான் விளக்கிச் சொன்னதும் அழுதேவிட்டாள். மாலதி அதைச் சொல்லிக் காட்டவில்லை என்று அக்காவுக்கும் தெரியும். ஆனால் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மறுநாள் காலை கட்டில்மேல் அக்காவின் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் மடித்த சேலைகள். அதற்கு நேர் எதிரே, அவளுக்கென்று மாலதி என்றோ ஒழித்துக்கொடுத்த பீரோத் தட்டு, அதுவும் திறந்து கிடந்தது. சேலைகள் பெட்டியிலிருந்து பீரோவுக்குப் போகின்றனவா, பீரோவிலிருந்து பெட்டிக்கா? நானும் நின்று நின்று பார்த்தேன். மடித்த சேலையைப் பார்த்து அது எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியாது.

எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

6

எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா டீ கொண்டுவந்தாள்.

"என்னல எழுதுத?"

"கதைக்கா."

"முடிஞ்சுட்டா?"

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அக்காவைத்தானே கேட்கக் கூடாது? கதையைப் பற்றிக் கேட்கலாமே.

"ஒரு அக்கா தம்பி வீட்டுக்கு வந்திருக்கா. அவ திரும்பிப் போவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியல."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள், சேலைகளுக்குப் பக்கத்தில். "புருசன் நல்லவனா, கெட்டவனா?"

"நல்லவர்தான்."

"அப்போ கஷ்டந்தான்" என்றாள். கொஞ்ச நேரம் இருமினாள். "அவ கெளம்பும்போது, எப்ப வருவேன்னு கேட்டானா?"

"தெரியலயே. நீ சொல்லு."

"பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாக. தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னேன். சரின்னாக. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்ல. எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை. கேக்கவே இல்ல. கேக்காத வீட்டுக்கு எந்த நாளைக்குன்னு திரும்பிப் போக?"

கதையின் அக்கா எந்த இடத்தில் போனாள், என் அக்கா எந்த இடத்தில் வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் எழுந்து, "எழுதிக்கோ, பேரை மட்டும் மாத்திரு" என்று சொல்லி அடுக்களைக்குப் போனாள். மாற்றிவிட்டேன், அக்கா.

7

இனி என்ன செய்வது? என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

நான் அத்தானைக் கூப்பிட்டு, "அக்காட்ட எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை கேளுங்க" என்று சொல்லலாம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ என்று தம்பி சொன்னதாக ஆகிவிடும். தவிர, சொல்லிக்கொடுத்துக் கேட்ட கேள்வியை அக்கா மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

சேலைகளை நானே எடுத்துப் பீரோவில் அடுக்கிவிடலாம். அக்கா இங்கேயே இருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே அந்த வாசலிலும் நின்றுகொண்டிருப்பாள்.

மூன்றாவது,

இதை எழுதும்போது போன் அடித்தது. அத்தான்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடே, அங்க குளிரு எப்படி?"

"கொறைஞ்சுட்டு அத்தான்."

"இங்க காலைல பனி."

வழக்கமாக இதோடு வைத்துவிடுவார். இன்று வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார். பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"நாகராசு... வடிவு எப்ப...

இது நடந்ததா, நான் எழுதியதா என்று கேட்காதீர்கள். அந்த வாக்கியத்துக்கு ஒரு சொல்தான் பாக்கி. அதை நான் எழுதினால் அத்தான் வாயில் நான் திணித்தது ஆகும். எழுதாமல் விட்டாலோ அவர் போனை வைத்துவிடுவார். எனக்கு இரண்டும் ஆகாது. நீங்கள் எங்களுக்கு உறவும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்குத் தடையில்லை.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள்.