இரவல் முதுகுவலி

யதுசனின் முதுகில் ஒரு குறையும் இருக்கவில்லை. இந்த உண்மை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று யதுசன், மற்றது அவனுடைய அக்கா தக்சாயினி. முதுகுவலி என்ற யோசனையே அவள் கொடுத்ததுதான்.

ஷ்வார்ஸ்பாக் 08 கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாம் டிவிசன் உதைபந்தாட்டக் கழகம். யதுசன் அதன் இடதுபக்க ஆட்டக்காரன். வயது இருபத்திரண்டு, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் மிச்சம். ஜூலை மாதம் தெற்கிலிருந்து முதலாம் டிவிசன் கழகம் ஒன்று அவனைக் கேட்டது. தமிழ்ப் பெடியன் ஒருவன் முதலாம் டிவிசனில் விளையாடப் போகிறான் என்று மரக்கறிக் கடை வரைக்கும் கதை போய்விட்டது. ஆனால் ஷ்வார்ஸ்பாக்கின் விளையாட்டுப் பணிப்பாளர் லூக்காஸ், “அவன் விற்பனைக்கு இல்லை” என்று ஒரே வசனத்தில் கதவைச் சாத்திவிட்டார்.

அந்தக் கதவைத் தட்டப் போனவள் தக்சாயினி. எட்டு வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்தவள், அப்பாவின் அன்ட்ராக் என்கிற விண்ணப்பங்கள் எல்லாம் நிரப்பியவள், அம்மாவுக்கு நேரம் குறித்த டெர்மின் எல்லாவற்றுக்கும் கூடப் போனவள். ஒப்பந்தமும் ஒரு வகை அன்ட்ராக்தானே என்று, அதற்குரிய பரீட்சையையும் எழுதிச் சித்தியடைந்து, தம்பிக்கு முகவராகவும் ஆகிவிட்டாள். லூக்காஸோடு மூன்று தடவை இருந்து பேசினாள். மனிதர் கோப்பி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், ஆளை மட்டும் கொடுக்கவில்லை.

பயிற்சிக்கு வரமாட்டேன் என்று வாயால் சொன்னால் அது ஒப்பந்த மீறல். வருத்தம் வந்து படுத்தால் அது வருத்தம். இந்த வித்தியாசத்தில்தான் தக்சாயினி கை வைத்தாள்.

“முதுகு எண்டு சொல்லு,” என்றாள் தம்பியிடம், தன் வீட்டுக் குசினியில் வைத்து. “படத்தில ஒண்டும் தெரியாட்டிலும் நோ இல்லையெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இருபது நிமிசத்துக்கு மேல கதிரையில இருந்தா இடது காலுக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இறங்குது எண்டு சொல்லு. வலப்பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது. சொக்ஸ் போட ஏலாது, அம்மாதான் போட்டுவிடுறா.”

“சொக்ஸ் என்னத்துக்கு அக்கா?”

“அதைத்தான் நம்புவினம்.”

நம்பினார்கள். கழகத்து வைத்தியர் சொக்ஸ் கதையைக் கேட்டவுடனேயே பேனையை எடுத்தாராம். முதலில் இரண்டு கிழமை ஓய்வு, பிறகு இன்னும் இரண்டு கிழமை. இவ்வளவு சரியான விபரங்கள் அக்காவுக்கு எங்கிருந்து கிடைத்தன என்று யதுசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ.

அவை அப்பா கனகலிங்கத்தின் வசனங்கள். ஒரு சொல் கூட அவளுடையதில்லை.

கனகலிங்கம் இறைச்சிக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கியவர். முதுகு விட்டுப்போனபோது, தூக்குகிற வேலையிலிருந்து விடுவித்து ஓய்வூதியம் தரச் சொல்லி அன்ட்ராக் போட்டார்கள். சோதிப்பதற்கு ஒரு வைத்தியரிடம் டெர்மின் வந்தது. மொழிபெயர்க்கப் பதினொரு வயதுத் தக்சாயினி கூடப் போனாள். அன்றைக்கென்று பார்த்து அவளுடைய வகுப்பு மிருகக்காட்சிச்சாலைக்குச் சுற்றுலா போகிறது, பஸ் பதினொரு மணிக்கு. அப்பா தமிழில் ஆறுதலாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கரண்ட் அடிப்பதை, திரும்பிப் படுக்க முடியாததை, அம்மா சொக்ஸ் போட்டுவிடுவதை. அவளோ சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொக்ஸ் போட்டுவிடுகிறதை அந்நியன் ஒருவனுக்குச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் மடித்து ஒரே வசனமாக்கி, “சில நேரம் கொஞ்சம் நோகும்” என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். வைத்தியர் எழுதிக்கொண்டார். அவள் பஸ்ஸைப் பிடித்து யானையைப் பார்த்தாள்.

அன்ட்ராக்கை நிராகரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகும் பதினொரு வருடம் அந்தக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். காலையில் அம்மா குனிந்து அவருக்குச் சொக்ஸ் மாட்டிவிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் தக்சாயினி ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போனாள். இதை அவள் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அப்பாவின் நோவை வைத்தியரிடம் சொல்லாமல் விட்ட மகள், அதே நோவை ஒரு சொல்லும் குறையாமல் தம்பிக்குப் பாடமாக்கிக் கொடுத்தாள். வெட்கம் கெட்ட வேலைதான், அது அவளுக்கே தெரியும்.

ஆகஸ்ட் மாதம் ஷ்வார்ஸ்பாக் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. ரசிகர்கள் மைதானத்தில் ‘முதுகெலும்பில்லாதவன்’ என்று பெரிய துணி கட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை நடிகன் என்று எழுதியது. கனகலிங்கம் அந்தப் பத்திரிகையை விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். பேச்சு ஜெர்மன் அவருக்குத் தடக்கும், ஆனால் வாசித்தால் விளங்கும். வாசித்து முடித்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மகனின் அறைக்குப் போனார்.

மறுநாள் யதுசன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அக்கா, என்னால ஏலாது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து எண்ணெய் பூசுறார். இதிலயோ, இன்னும் கீழயோ எண்டு கேக்கிறார். எனக்கு அழுகை வருது.”

“இன்னும் பத்து நாள்தான் தம்பி. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிட.”

உறுதியாகத்தான் சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்தாள். அப்பாவின் விரல் சரியாக எந்த இடத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருவழியாக லூக்காஸ் இறங்கிவந்தார். படுத்துக்கிடக்கிற ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு கழகங்களும் பேசி முடித்தன. செப்டெம்பர் முதலாம் திகதி திங்கட்கிழமை, மாலை எட்டு மணியோடு ஆட்டக்காரர்கள் கழகம் மாறுகிற காலம் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை டுசல்டோர்ஃப் நகரில் ஒரு கிளினிக்கில் புதிய கழகத்தின் வைத்தியப் பரிசோதனை. முதுகு எப்படி என்று புதிய கழகத்துக்காரர் கேட்டபோது, திங்கட்கிழமை சுகமாகிவிடும் என்றாள் தக்சாயினி. அவர்களும் சிரித்தார்கள். இதெல்லாம் அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நாடகம்.

அப்பாவும் கூட வருவேன் என்றார். மகனின் பெரிய நாள், வராதே என்று எப்படிச் சொல்வது? கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். சாப்பாடாக்கும் என்று அவள் நினைத்தாள்.

யதுசன் படமெடுக்கிற இயந்திரத்துக்குள் கிடந்தான். தக்சாயினி வெளியே நின்று ஒப்பந்தத்தின் கடைசி வரிகளைத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அரை மணித்தியாலத்துக்குள் கனகலிங்கம் பரிசோதனை செய்த பெண் வைத்தியரின் அறைக் கதவைத் தட்டி, பையிலிருந்து தன்னுடைய பழைய ஓர்ட்னரை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் எந்தக் கடுதாசியை எறிந்தார்கள்? கால் நூற்றாண்டுக் கடிதம், படம், அறிக்கை எல்லாம் துளையிட்டு அடுக்கிய பைல் அது. தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, தெரிந்த ஜெர்மனில் சொல்லியிருக்கிறார்: “என் மகன் பொய் சொல்லவில்லை. எனக்கும் இதேதான்.”

மூன்று மணித்தியாலம் கழித்து, கார் தரிப்பிடத்தில் நிற்கும்போது புதிய கழகத்திடமிருந்து செய்தி வந்தது. படத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ஷ்வார்ஸ்பாக் அனுப்பிய மகனின் அறிக்கையிலும் தகப்பனின் பிந்திய அறிக்கைகளிலும் சொல்லுக்குச் சொல் ஒரே நோவு. பரம்பரை வருத்தமாக இருக்கலாம், வைத்தியர் கையெழுத்துப் போட மறுக்கிறார். நாளை காலை வைத்தியரைத் திருப்திப்படுத்த முடிந்தால் சரி, இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடக்காது.

மூன்று பேரும் காருக்குள் ஏறினார்கள். கனகலிங்கம்தான் முதலில் வாய் திறந்தார்.

“நான் பிழை விட்டிட்டனோ பிள்ளை? இவனைப் பொய்காரன் எண்டு எழுதிப்போட்டாங்கள். எனக்கும் அப்பிடித்தான் எழுதினவை. அண்டைக்கு எனக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கேல்லை. இவனுக்கு நான் இருக்கிறன்தானே எண்டு நினைச்சன்.”

பின் இருக்கையில் யதுசன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.  இனியும் மறைத்தால் தான் மனிசியே இல்லை என்று தக்சாயினிக்குப் பட்டது.

“அவனுக்கு நோ இல்லை அப்பா. ஒரு நாளும் இருக்கேல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான். அது உங்கட நோ. நீங்கள் சொன்னது எல்லாத்தையும் அப்பிடியே எடுத்து அவனுக்குக் குடுத்தனான்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. கனகலிங்கம் மெல்லத் திரும்பி, கையை நீட்டி மகனின் முழங்காலைப் பிடித்தார்.

“அப்ப உனக்கு ஒண்டுமில்லையோ?”

“இல்லை அப்பா.”

“உண்மையா? குனிய ஏலுமோ?”

“ஓம் அப்பா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “என்ர வருத்தத்தைப் பிள்ளைக்குக் குடுத்திட்டனே எண்டு ஒரு மாசமா எனக்கு நித்திரை இல்லை,” என்றார். தக்சாயினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். அவளால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே கிளினிக். நரைத்த தலை, சுருக்கமாகப் பேசுகிற வைத்தியர் அவர். “எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்,” என்றார். “இரண்டு பேருக்கும் ஒரே நோயா, அல்லது ஒருவருடைய நோய் மட்டுமா? முதலில் தந்தை சொல்லட்டும், அவருடைய மொழியிலேயே.”

கனகலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் தமிழில சொல்லுறன். நீ சொல்லு,” என்றார் மகளிடம். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஒண்டையும் விடாமல் சொல்லு பிள்ளை,” என்றார்.

 அன்றைக்குத் தான் விட்டது இவருக்குத் தெரியுமா? முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவர் தொடங்கினார், அவள் சொன்னாள். கரண்ட் அடிப்பதைச் சொன்னாள். திரும்பிப் படுக்க முடியாததைச் சொன்னாள். கழிப்பறையில் சுவரைப் பிடித்து எழும்புவதைச் சொன்னாள், இதை அவள் தம்பிக்குக் கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா சொக்ஸ் போட்டுவிடுவதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியாக, அப்பா கேட்காமலே, இந்த வசனங்கள் மகனிடம் எப்படி வந்தன என்பதையும் சொல்லி முடித்தாள்.

வைத்தியர் யதுசனைக் குனியச் சொன்னார், வளையச் சொன்னார், ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னார். “ஆகஸ்ட் மாதத்து முதுகுவலிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்,” என்றார். “செப்டெம்பரில் போய்விடும்.” பத்திரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். யதுசன் பெருமூச்சு விட்டான். ஒரு மாதம் மூன்று பேரையும் அலைக்கழித்த காரியம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

ஆனால் வைத்தியர் ஓர்ட்னரை மூடவில்லை. நடுவில் இருந்த ஒரு மஞ்சள் கடுதாசியில் அவருடைய பேனை நின்றது.

“‘மொழிபெயர்ப்பாளரின் கூற்றுப்படி, சில நேரங்களில் சிறிதளவு வலி.’ இந்த ஒரு வரியால்தான் இவருடைய விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறார்கள். இவர் இப்போது சொன்னதில் பாதியைச் சொல்லியிருந்தாலே போதும், அன்றைக்கே ஓய்வூதியம் கிடைத்திருக்கும். யார் அந்த மொழிபெயர்ப்பாளர்?”

ஒண்டையும் விடாமல் சொல்லு என்று அப்பா கேட்டிருந்தார். தக்சாயினி அந்தக் கேள்வியையும் விடவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வைத்தியர் சொன்னது முழுவதையும் தமிழில் சொன்னாள்.

கனகலிங்கம் யோசிக்கவேயில்லை.

“அது பதினொரு வயசுச் சின்னப்பிள்ளை எண்டு சொல்லு,” என்றார். “அண்டைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில சுற்றுலா, மறிச்சு வைச்சது என்ர பிழை எண்டு சொல்லு.”

அதை ஜெர்மன் மொழியில் சொல்லி முடிக்கத் தக்சாயினிக்கு வெகுநேரம் எடுத்தது.