செம்போர்வை வீரன் தேடி வந்த வீடு

படக்கதையில் கொல்லப்பட்ட பதினோராம் நாள், மாலை நான்கரை மணிக்கு, செம்போர்வை வீரன் தனக்கு வண்ணம் தீட்டியவளின் வீட்டுக் கதவைத் தட்டினான். எதிரே நின்று பார்த்தால் ஆறடி உயரம், அகன்ற மார்பு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தாளின் கனம்தான். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் வாரம் தவறாமல் படக்கதையாக வந்தவன் அவன். முதல் ஆண்டிலேயே கடைகளில் சிவப்புத் துண்டு கிடைக்காமல் போயிற்று. முடிதிருத்தகங்களில் அவனைப் போலவே நெற்றியில் சுருள் விடச் சொன்னார்கள். பழுதாகி நின்ற பேருந்தைத் தனியாளாகத் தள்ளுகிறவனைப் பார்த்து, "ஆமா, இவரு பெரிய செம்போர்வை" என்று சிரித்தார்கள். வண்ணக்காரியின் தம்பிக்கு மட்டும் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அக்கா அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாள்களைப் படித்தே வளர்ந்தவன், தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பஞ்சுக் கிடங்கு எரிந்த அன்று, உள்ளே மாட்டிக்கொண்ட காவலாளியைத் தேடி இரண்டாம் முறை போனான், திரும்பவில்லை. அடுத்த வாரம் வண்ணக்காரி முதலாளியின் மேசைமுன் போய் நின்றாள். "அந்தச் செம்போர்வையக் கொன்னுடுங்க. இல்லன்னா நான் இனிமே தூரிகையத் தொட மாட்டேன்." விற்பனை படுத்திருந்த நேரம், முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. கடைசிக் கட்டத்தில் அணை உடைந்து வீரன் மூழ்கினான். சிவப்பை நீலம் முழுக்க விழுங்கும்வரை அவளே தீட்டிக் கொடுத்தாள்.

வந்தவனுக்குக் குரல் இல்லை. பேச வேண்டியது தலைக்குமேல் வெள்ளைக் குமிழியில் எழுத்தாகத்தான் வந்தது. "அவன் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. நான் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தேன். வர முடியவில்லை." வண்ணக்காரியின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "யாருடி அது, இப்படி நனைஞ்சு நிக்கறது? என்ன சொல்றான்?" என்று கேட்டாள். "வழி தவறிட்டாராம்மா" என்றாள் மகள். "அதுக்கென்ன, உள்ள வரச் சொல்லு."

மூன்று வாரம் அவன் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குமிழி விசிறியில் சிக்கியதால் விசிறியை நிறுத்திவிட்டார்கள். வண்ணக்காரி குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குள் நடமாடினாள். அம்மா கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: குளிருதாம், தலைவலியாம், ஊர் சத்தம் பிடிக்கலையாம். ஒருநாள் காலை அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "தினம் ஒரு சேதி சொல்றே. மேல இருக்கற எழுத்து மாறவே இல்லையேடி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும்."

வண்ணக்காரி முதல்முறையாக நிமிர்ந்து, உள்ளதை உள்ளபடி படித்தாள். அம்மா நாற்காலிமுன் வந்து நின்றாள். பிறகு அவனையே பார்த்துக் கேட்டாள்: "பயந்தானா?"

குமிழி வெறுமையாயிற்று. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. மகள் வரவரப் படித்தாள்: "பயந்தான். ஆனால் நான் வருவேன் என்றே கடைசிவரை நினைத்தான்."

சவ அடக்கத்தன்றுகூட அழாத அம்மா அப்போது அழுதாள். அழுது முடித்து எழுந்து, அவன் போர்வையின் மடிப்பை நீவி விட்டாள். "சரி. இங்க உக்காந்திருந்து என்ன ஆகப்போவுது? மணி அடிச்சா கிளம்பு."

அன்றிலிருந்து தீயணைப்பு மணி அடித்தால் அவன் கதவிடுக்கு வழியே கிளம்பிவிடுகிறான். பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறான்; யாரையும் தூக்கி வந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் புகைக்குள் சிக்கியவர்கள் பக்கத்தில் யாரோ நின்றதாகச் சொல்கிறார்கள். ஓரம் கருகித் திரும்புகிறவனுக்கு அம்மா பசை காய்ச்சித் தாள் ஒட்டுகிறாள். மகள் சிவப்பு குழைக்கிறாள். நிலையத்து ஆட்களுக்கும் பழகிவிட்டது. வண்டியில் ஏறினால் பலகையின் ஓரத்தில் முழு ஆள் உட்காரும் இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு நெருங்கி உட்காருகிறார்கள். தாள் கனம்தான் என்றாலும் போர்வை கசங்கக் கூடாது.