பாபிரியேயின் கையில் ஒரு கொப்புளம்

இரட்டைப் பிள்ளை பெற்றவர்களை எங்கள் நியெண்டோ பக்கம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தகப்பன் சலோங்கோ, தாய் நலோங்கோ. சப்பாத்திக் கடை எரியாவாக இருந்தவன், இரண்டு பெண்கள் பிறந்த மறுநாளே சலோங்கோ ஆகிவிட்டான். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் போகிறவர்கள்கூட அவன் கடை வந்ததும் வேகத்தைக் குறைத்து, “சலோங்கோ!” என்று கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கும் பேர் தேட வேண்டியதில்லை. முதலில் வந்தவள் பாபிரியே, அடுத்து வந்தவள் நகாட்டோ.

இவ்வளவு மரியாதைக்கு உரியவனுக்குத் தன் பிள்ளைகளில் எது பாபிரியே, எது நகாட்டோ என்று தெரியாது.

என் தையல் கடை அவன் கடைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே அவன் வீடு. பிள்ளைகள் பிறந்து பத்து நாள் இருக்கும், இரண்டு மஞ்சள் சட்டைகளோடு வந்து நின்றான்.

“அக்கா, இதுல ஒண்ணுக்கு மட்டும் உள்பக்கமா ஒரு சிவப்பு நூல் ஓட்டிக் குடேன்.”

“எதுக்குடா?”

“சும்மாதான்.”

அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. “அடப்பாவி, உனக்கு அடையாளம் தெரியலயா?”

“மெதுவா பேசுக்கா! நபுகீராவுக்குத் தெரிஞ்சா என்னைக் கல்லுலயே போட்டுப் புரட்டி எடுத்துருவா.”

நூல் ஓட்டிக் கொடுத்தேன். ஒன்றும் பயன் இல்லை. அவன் பெண்டாட்டி நபுகீரா துவைத்துக் காய்ந்த சட்டையில் எது கைக்கு வந்ததோ அதை எடுத்து மாட்டிவிட்டாள். இரட்டையருக்கு எல்லாம் சரிசமம்தானே, சட்டையில் என்ன என்னுது உன்னுது! அவளுக்கு மட்டும் பிறந்த நிமிடத்திலிருந்தே இரண்டும் வேறு வேறு முகமாகத் தெரிந்தது. “நகாட்டோவக் குடுங்க” என்பாள். இவன் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். என்ன பாசம் பாரு இந்த மனுசனுக்கு என்று தெருவே மெச்சியது.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் மாவுக் கையோடு என் கடைக்குள் பாய்ந்து வந்தான்.

“அக்கா, பாபிரியே கையில ஒரு புடைப்பு வந்திருக்குன்னு நபுகீரா காட்டினா! வலது கை, மேல. பொறந்த மறுநாள் ஊசி போட்ட இடத்துல. நகாட்டோவுக்கு இல்ல!”

“அதுக்கு ஏண்டா சிரிக்கிற? புள்ளைக்கு ஏதாவதுன்னா பயப்பட வேணாமா?”

“பயம்தான்” என்றான். ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

அடுத்த நாலு நாள் அவனைப் பிடிக்க முடியவில்லை. கடையில் நின்றபடியே, “பாபிரியே, ஏம்மா அழற? நகாட்டோ, அப்பாவப் பாரு!” என்று சத்தம் போட்டுப் பேர் சொல்வான். மாவைத் தட்டும்போதும் பேர், முட்டையை உடைக்கும்போதும் பேர்.

ஐந்தாம் நாள் புடைப்பு சிவந்தது. அதற்கடுத்த நாள் நுனியில் மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொண்டது. பிள்ளை பால் குடித்தாள், தூங்கினாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நபுகீராதான் அழுதாள். போன் போட்டதும் கலிசிசோவிலிருந்து எரியாவின் அக்கா ரொபினா வந்து இறங்கினாள். கையில் வாழை இலைப் பொட்டலம். உள்ளே பச்சிலையும் சாம்பலும் சேர்த்து அரைத்த விழுது. நான் வாழைக்காயை வேகவைத்து மசித்து மாட்டோக்கே செய்து எடுத்துக்கொண்டு போன நேரம் அவள் இரண்டு பிள்ளைகளின் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுக்கு வந்திருக்கு, ஒண்ணுக்கு வரல. ரெட்டைல அது எப்படி? ஒருத்திக்கு நடக்கறது இன்னொருத்திக்கும் நடக்கணும்” என்றாள். பிறகு நிமிர்ந்தாள். “ஏன் நபுகீரா, அந்த நர்சு ஒருத்திக்கே ரெண்டு தரம் குத்திட்டாளோ? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்குதுங்க. இவளுக்கு ரெண்டு பங்கு, அதான் பொங்கி வழியுது. அவளுக்கு ஒண்ணுமே இல்ல.”

“நர்சு எப்படி மாத்துவாங்க அண்ணி? அன்னிக்கு என்னால எழுந்திருக்க முடியல. இவருதானே ஒவ்வொண்ணா தூக்கிக் குடுத்தாரு” என்றாள் நபுகீரா.

நான் எரியாவைப் பார்த்தேன். அவன் மாட்டோக்கேயைக் கையில் உருட்டி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ரொபினா பொட்டலத்தைப் பிரித்தாள். அவன் சட்டென்று எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

“ஒண்ணும் தடவ வேணாம். நாளன்னிக்கு ஆறாம் வார ஊசிக்குப் போறோம்ல, நர்ஸம்மா பார்க்கட்டும்.”

“ஓ, நான் உன்னைத் தூக்கி வளர்த்தவ. எனக்குத் தெரியாததா?”

“என்னைத் தூக்கினதுல எத்தனை தரம் கீழ போட்டேன்னு அம்மா சொல்லியிருக்கா.”

ரொபினா சிரித்துவிட்டாள். பொட்டலம் மூடிக்கொண்டது.

மறுநாள் அவன் கடையில் சப்பாத்தி கருகிக்கொண்டே இருந்தது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, அன்னிக்கு ஒண்ணக் குடுத்தேன். ஊசி போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. பக்கத்துல பெஞ்சில படுக்க வெச்சேன். ரெண்டும் அழுதுச்சு. அப்புறம் ஒண்ண எடுத்துக் குடுத்தேன். எதை எடுத்தேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது.” துண்டால் முகத்தைத் துடைத்தான். “ஒருத்திக்கே ரெண்டு தரம் குடுத்திருந்தா? என் கையாலயே என் புள்ளைய…”

“அப்படியெல்லாம் இருக்காதுடா.”

“நான் புண்ணைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்க்கா. அடையாளம் கெடச்சிருச்சுன்னு குதிச்சேன்.”

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் குடிக்கவில்லை.

ஊசி நாளன்று ரொபினாவும் நானும் கூடப் போனோம். சுகாதார நிலையத்து வாசல் பெஞ்சு முழுக்கத் தாய்மார். உள்ளே அப்பியோ நர்ஸம்மா இருந்தாள். வடக்கிலிருந்து வந்து பல வருசம் ஆனாலும் எங்கள் பேச்சை இன்னும் கொஞ்சம் உடைத்துத்தான் பேசுவாள். நபுகீரா சட்டைக் கையை விலக்கிக் காட்டினாள். நர்ஸம்மா குனிந்து பார்த்தாள், அக்குளைத் தடவிப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள்.

“நல்லா இருக்கா. பொறந்தப்ப போட்டது காசநோய் ஊசி. ஒரு மாசம் கழிச்சு இப்படித்தான் புடைக்கும், சீழ் கோத்துக்கும், உடையும், தானா காஞ்சு தழும்பாகும். அமுக்காதீங்க, கிள்ளாதீங்க. பச்சிலை, சாம்பல், பற்பசை, ஒண்ணும் தடவாதீங்க.”

ரொபினா கைப்பையை மெல்லப் பின்னால் நகர்த்தினாள்.

“தண்ணியில கழுவி ஈரம் போக விடுங்க, போதும். அக்குள்ல கட்டி வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, புண்ணு பெருசாகிட்டே போனாலோ உடனே கூட்டிட்டு வாங்க.” அட்டையில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தாள். “வேற ஏதாவது?”

எரியா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“நர்ஸம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் புள்ளைங்களத் தூக்கிக் குடுத்தது நான்தான். எனக்கு… எனக்கு எது யாருன்னு தெரியாது. ஒருத்தியவே ரெண்டு தரம் குடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு.”

வாசல் பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

“என்ன தெரியாது?” என்றாள் நபுகீரா.

“எது பாபிரியே, எது நகாட்டோன்னு.”

“ஆறு வாரமாவா?”

அவன் தலையாட்டினான்.

பெஞ்சிலிருந்து ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு. “சலோங்கோவாம் சலோங்கோ!” என்று யாரோ சொன்னார்கள். நபுகீரா சிரிக்கவில்லை. நர்ஸம்மாவும் சிரிக்கவில்லை. பாபிரியேயின் கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாருங்க. ரெண்டு தரம் குத்தியிருந்தா ரெண்டு எடத்துல புடைச்சிருக்கும். இது ஒண்ணுதான். இப்ப அவளக் குடுங்க.” நகாட்டோவை வாங்கி, சட்டையை விலக்கி, தோலை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். “கைய வைங்க.”

எரியா விரலை வைத்தான். தோலுக்கு அடியில் கம்பு மணி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

“இவளுக்கும் வருது, கொஞ்சம் நிதானமா. சில புள்ளைக்கு வராமலே போயிரும். வரலேன்னா ஊசி வீணாப் போச்சுன்னும் இல்ல, திரும்பப் போடணும்னும் இல்ல.” இப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. “எங்க ஊர்ல அப்பியோன்னா ரெட்டைல மூத்தவ. நானும் ரெட்டைதான். எங்கப்பா எங்களுக்கு நாலு வயசு ஆகற வரைக்கும் ரெண்டு பேரையும் ‘ஏ புள்ள’ன்னுதான் கூப்பிட்டாரு. ஆனா நர்சுகிட்ட வந்து ஒத்துக்கல.”

எரியாவின் தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. “அப்ப இவளுக்கும் அதே மாதிரி புண்ணு வந்துருமா?” என்று கேட்டான். அந்தக் கவலையின் காரணம் புரிந்ததும் நபுகீரா முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நான் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவ்வளவு சுலபமாக விடவும் இல்லை. அன்றைக்கு இரண்டு தொடையிலும் ஊசி போட்டிருந்தது. சாயங்காலம் ஊசி போட்ட இடம் சிவந்து லேசாகத் தடித்தது. இரண்டும் மாறி மாறி அழுதன. நபுகீரா பால் கொடுத்து முடித்ததும் இரண்டையும் அவன் மடியில் கிடத்திவிட்டு, “நான் குளிச்சு, தலை பின்னி, அண்ணியோட கடைத்தெருவுக்குப் போயிட்டு வரேன். நீங்க உங்க புள்ளைங்ககிட்டப் பழகுங்க” என்று கிளம்பிவிட்டாள்.

நான் எட்டிப் பார்த்தபோது அவன் ஈரத்துணியை ஒரு தொடைக்கும் இன்னொரு தொடைக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். வேர்த்து வழிந்தது.

“அக்கா, இங்க பாரேன். இவ அழறதுக்கு முன்னாடி கீழ் உதட்ட உள்ள மடிச்சுக்கறா. யோசிச்சு அழறா. அவ யோசிக்கறதே இல்ல, வாயத் திறந்தா அலறல்தான்.”

“இதுல யோசிக்கறவ யாரு?”

அவன் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை, சட்டையையும் விலக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு, “நகாட்டோ” என்றான். “அலறுறவ பாபிரியே.”

அவன் தண்ணீர் மாற்ற எழுந்ததும் நான் சட்டைக் கையை நைசாகத் தூக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

அடுத்த வாரம் பாபிரியேயின் புண் உடைந்து காயத் தொடங்கியது. நகாட்டோவின் கையில் கம்பு மணி கடலை அளவானது. யாரும் அழவில்லை, யாருக்கும் போன் போகவில்லை. நபுகீரா தண்ணீரில் கழுவிக் காயவிட்டாள். இப்போது இரண்டு கைகளிலும் தழும்பு இருக்கிறது. நகாட்டோவுடையது கொஞ்சம் சின்னது. எரியா இரண்டையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், சரியாகவே கூப்பிடுகிறான். அவர்கள் தூங்கும்போது மட்டும் இன்னும் தடுமாறுவான். அப்போது எழுப்பமாட்டான், சட்டையை விலக்கியும் பார்க்கமாட்டான். சப்பாத்திக் கல்லின் தீயைத் தணித்துவிட்டு, யாராவது ஒருத்தி கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.