பெரியவர் ரத்தமே அளவுகோல்

இதய ஆய்வு நிலையத்தில் திங்கட்கிழமையின் முதல் வேலை, பெரியவரின் கையில் ஊசி குத்துவது. பெரியவர் என்றால் இயக்குநர். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பெயர் தேவைப்படுகிற ஒரே இடம் விருதுப் பட்டயம். அதிலும் பட்டங்களை எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

ஊசி குத்துகிறவள் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆய்வாளர். நர்ஸ் செய்கிற வேலைதான். ஆனால் முனைவர் பட்டம் இல்லாத கையில் தன் ரத்தத்தைக் கொடுக்கப் பெரியவருக்கு மனம் வரவில்லை. ஆகவே நிலையத்தில் அவள் ‘ஊசி டாக்டர்’ ஆனாள்.

எடுத்த ரத்தம் நேராக ஒரு கருவிக்குப் போகும். உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் சொல்கிற கருவி; எண் ஏற ஏற நெஞ்சுக்கு ஆபத்து. அதை விற்ற கம்பெனி கூடவே ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னப் புட்டிகளும் கொடுத்திருந்தது. புட்டியில் இருப்பதன் அளவு மூன்று. கருவியும் மூன்று காட்டினால் சரி, இல்லையென்றால் திருத்திவிட்டுத்தான் நோயாளிகளின் ரத்தத்தை வைக்கவேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான். பெரியவருக்கு மட்டும் இதில் ஏதோ மரியாதைக் குறைவு தெரிந்தது.

“ஊர் பேர் தெரியாத எவனோ அடைச்ச புட்டியை வெச்சு என் கருவியைத் திருத்தறதா? இருபது வருஷமா என் ரத்தத்துல அளவு அரைதான். ஒரு புள்ளி ஏறினதில்லை. என்னை வெச்சுத் திருத்துங்க.”

அன்றிலிருந்து புட்டிகள் அலமாரிக்குப் போயின. பெரியவரின் ரத்தத்துக்குக் கருவி அரை காட்டவேண்டும். காட்டாவிட்டால், காட்டுகிறவரை திருத்தவேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருடைய அறிவில் குறை கிடையாது. மேடையில் அவர் சொல்வது அத்தனையும் உண்மை. “கொழுப்பு குழாய்ல அடைச்சுக்குதுன்னு நினைக்கிறீங்க, தொட்டி ஓட்டையில முடி அடைக்கிற மாதிரி. அதில்லை விஷயம். கொழுப்பு குழாயோட சுவருக்குள்ள நுழையுது. அதைத் தின்ன வெள்ளணுக்கள் ஓடி வருது. தின்னுட்டு நகர முடியாம அங்கேயே வீங்கிக் கெடக்குது. இன்னும் ஆள் வருது, கூட்டம் சேருது, சுவர் புண்ணாகுது. ஒருநாள் புண்ணு வாயைத் திறக்கும். அது மேல ரத்தம் உறையும். அவ்வளவுதான், ஆள் காலி.” தின்றுவிட்டு நகராமல் வீங்கிக் கிடப்பவர்களைப் பற்றி அவர் பேசும்போது, முன்வரிசையில் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் புண்ணை ஆற்றுவதற்கு ஒரு மாத்திரை. நெஞ்சு நோய்க்காரர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் சர்க்கரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. இந்த ஆய்வில் ஊசி டாக்டர் தன் அண்ணனையும் சேர்த்துவிட்டிருந்தாள். அண்ணன் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஏணியில் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். அவள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

சேரும்போது அவன் அளவு ஆறு. மாதம் தவறாமல் இறங்கி, இப்போது முக்கால். நன்றிக்கடனாகப் பெரியவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்தான். கன்னத்தில் சிவப்பைத் தாராளமாக அள்ளிப் பூசியிருந்தான். படம் மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டப்பட்டது. பெரியவர் தினமும் படியேறும்போது அங்கே நின்று அதைப் பார்ப்பார். முதலில் ஒரு கணம் நின்றார். போகப்போக நீண்டநேரம் நின்றார், மூச்சு சத்தமாக வந்தது. கீழே நிற்பவர்கள் அவர் சிந்திக்கிறார் என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்ற உறையைப் பிரித்தார்கள். மாத்திரை தின்றவர்களுக்கு அழற்சி அடியோடு இறங்கியிருந்தது. சர்க்கரை தின்றவர்களுக்கும் அதே அளவு இறங்கியிருந்தது. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் எழுந்து நின்றார்.

“பாத்தீங்களா! நம்ம நிலையத்துக்கு வந்து போனாலே புண்ணு ஆறுது!”

கைதட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு விழா, விழாவுக்கு வாசலில் ஒரு பெரிய பலகை, பலகை எழுத ஊசி டாக்டரின் அண்ணன் என்று அங்கேயே முடிவானது.

அந்த வாரம் ஊசி டாக்டருக்குக் கடைவாய்ப் பல் பழுத்துவிட்டது. ஒரு பக்கக் கன்னம் பந்துபோல் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இந்த நிலையில் எண் எகிறும் என்று வேடிக்கைக்குத் தன் ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். மூன்று காட்டியது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். இப்படி வீங்கிய மூஞ்சிக்குக் குறைந்தது இருபது வரவேண்டும். வேடிக்கை அதோடு போயிற்று. அலமாரியைத் திறந்து, தேதி தாண்டாத கம்பெனிப் புட்டி ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள். மூன்று என்று ஒட்டியிருந்த புட்டிக்குக் கருவி அரைக்கும் கீழே காட்டியது.

நோயாளிகள் யாருக்கும் எதுவும் ஆறவில்லை. பெரியவருக்குத்தான் ஏறியிருந்தது. அவருடையது ஏற ஏற, அதை அரை என்று காட்டுவதற்காக அவள் வாராவாரம் கருவியை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். ஊரே இறங்கிவிட்டது. அண்ணனின் முக்காலும் அதில்தான் இறங்கியது.

முதலில் பெரியவரிடம் போனாள்.

“சார், உங்க ரத்தத்துல அளவு மூணு தாண்டியிருக்கு. நீங்க உடனே நெஞ்சைப் பாத்துக்கணும். நம்ம எண்ணெல்லாமே தப்பு சார்.”

“பல்வலியோட ஏம்மா வேலைக்கு வந்தீங்க?” என்றார் பெரியவர், உண்மையான கரிசனத்துடன். “புட்டி கெட்டுப்போயிருக்கும். அலமாரியில கெடந்தது தப்பா, இருபது வருஷமா நடைப்பயிற்சி பண்ற நான் தப்பா? நீங்களே சொல்லுங்க.”

அவள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் இருப்பது அவருடைய பதவியோடு வந்த வசதி.

அங்கிருந்து நேராக வாசலுக்கு ஓடினாள். அண்ணன் ஏணிமேல் நின்று, பலகையில் ‘அழற்சியை’ வரை எழுதி முடித்திருந்தான்.

“அண்ணா, முதல்ல இறங்கு.”

“என்ன பாப்பா, ஒரு கன்னத்துல லட்டை ஒளிச்சு வெச்சிருக்கியா?”

“விளையாடாத. உன்னோட எண்ணெல்லாம் தப்பு. உனக்கு ஒண்ணும் ஆறலை. இப்பவே வா, வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம். குழாயைப் படம் புடிச்சுப் பாத்திடலாம்.”

“முக்கால்னு நீதானே சொன்னே?”

“நான்தான் சொன்னேன். தப்பு.”

“போன மாசம் சொன்னப்ப டாக்டர் மாதிரி சொன்னே. இப்ப தங்கச்சி மாதிரி சொல்றே. நான் எந்த ஆளை நம்பறது?” சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “சரி, அழாத. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. ஈரம் காயறதுக்குள்ள முடிச்சாத்தான் ஒரே நிறமா நிக்கும். முடிச்சிட்டு வரேன். போய்ப் பையை எடுத்துட்டு வா.”

“ஏறும்போது புடிக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லு.”

“புடிக்குது. முக்கால்தானேன்னு இருந்துட்டேன்.”

அவள் பையை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஏணி அப்படியே சாய்ந்தபடி நின்றது. அண்ணன் அதன் அடியில் கிடந்தான். தூரிகையைப் பிடித்த கை நெஞ்சின்மேல் இருந்தது, சட்டை முழுக்க நீல வண்ணம். அவள் மண்டியிட்டு அவன் நெஞ்சை அமுக்கினாள், கை சோர்கிறவரை, பிறகும். உள்ளே நாற்பது இதய நிபுணர்கள் இருந்தார்கள். ஓடிவந்தவர்களில் ஒருவர் ஏணியின் காலை ஆட்டிப்பார்த்து, “ஒரு கால் குட்டை” என்றார்.

அது போதுமானதாக இருந்தது. மாலைக்குள் ஆட்சிக்குழு கூடியது. இறந்தவரின் அழற்சி முக்கால். முக்காலில் இதயம் நிற்காது என்பதுதான் நிலையத்தின் கண்டுபிடிப்பே. ஆகவே இறப்புக்குக் காரணம் ஏணி.

ஊசி டாக்டர் அண்ணியிடம் போனாள். உடம்பைத் திறந்து பார்த்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும், அண்ணி சம்மதித்தால் போதும். ஆனால் பெரியவர் அவளுக்கு முன்பே வந்துபோயிருந்தார். அறை நிறைய அவர் கொண்டுவந்த வெள்ளைப் பூக்கள்.

“பெரியவரே நேர்ல வந்தாரு,” என்றாள் அண்ணி. “நாற்காலிகூட வேணாம்னு நின்னுக்கிட்டே பேசினாரு. உங்க வீட்டுக்காரர் நெஞ்சு அவ்வளவு சுத்தம்மா, குழந்தை நெஞ்சு மாதிரின்னாரு. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

“அண்ணி, அது உண்மையில்லை. அண்ணனுக்கு நெஞ்சுதான் நின்னுருக்கு. திறந்து பாத்தா...”

“எதுக்குப் பாக்கணும்?”

“உண்மை தெரியறதுக்கு. இன்னும் எத்தனையோ பேர் அதே எண்ணை நம்பிக்கிட்டு ஏணி ஏறிட்டிருக்காங்க.”

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நெஞ்சுதான்னா, உன்னாலயும் காப்பாத்த முடியலை, என்னாலயும் முடியலை. கூடவே படுத்திருந்த எனக்குத் தெரியாமப் போச்சுன்னு ஆகும். ஏணின்னா அது ஏணி. என்னை விட்ரு பாப்பா.”

அண்ணன் கூப்பிடுகிற பெயரில் அண்ணி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஊசி டாக்டர் எழுந்து வெளியே வந்தாள்.

குழுவுக்கு எழுதினாள்; வருத்தம் தெரிவித்து, பத்து நாள் விடுப்பு கொடுத்தார்கள். ஆய்வில் இருந்தவர்களின் வீடுகளுக்கே போனாள். முதல் வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்டார்: “எனக்கு அரைம்மா. அதுக்கு மேல என்ன வேணும்?” இரண்டாம் வீட்டில் தேநீர் கொடுத்து, அண்ணனை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். மூன்றாம் வீட்டில் கதவு திறக்கவில்லை. பலகையின் மீதியை வேறொருவன் எழுதினான். ‘அழற்சியை’ ஒரு நீலம், ‘வென்றோம்’ இன்னொரு நீலம். விழாவுக்கு வந்தவர்கள் அதையும் அலங்காரம் என்றே நினைத்தார்கள்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை, பெரியவர் வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. அவள் ரத்தம் எடுத்தாள். இம்முறை கம்பெனிப் புட்டியை வைத்து முன்பே கருவியைத் திருத்தியிருந்தாள். ரத்தத்தை வைத்ததும் ஐந்து என்று வந்தது. அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இதுதான் சார் உங்க அளவு. கெஞ்சிக் கேக்கறேன், இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க.”

பெரியவர் வெகுநேரம் அந்த எண்ணைப் பார்த்தார். இந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்தில் சிலர்தான். அதில் அவர் ஒருவர். பயந்தார், அது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு விரலை நீட்டி, வாழ்நாளில் முதல் தடவையாகக் கருவியைத் தானே தொட்டு, ஐந்தை அரையாக்கினார்.

“துக்கத்துல இருக்கீங்க. கை நடுங்குது உங்களுக்கு,” என்றார். “அடுத்த வாரத்துலேருந்து வேற யாராவது எடுக்கட்டும்.”

எழுந்து போனார். அவள் பின்னாலேயே போனாள். பாதிப் படியேறித் தன் படத்துக்கு முன்னால் நின்றார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊசி குத்தியது வலது கையில். அவர் தடவிக்கொண்டிருந்தது இடது கையை.

“சார்!” என்று கத்தினாள்.

பக்கத்திலிருந்தவர் அவள் தோளைப் பிடித்து இழுத்து, உதட்டில் விரல் வைத்தார்.

“உஷ். சிந்திக்கிறார்.”