பத்தொன்பதாம் எண்

பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தால் புது டீச்சர் ஜிஸ்னாவுக்கு வேலை உண்டு. முப்பது என்றால் ஒரு டீச்சர் போதும். அது மூத்தவரான லைலா டீச்சர். பெரும்பாவூர்ப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடம் குரியாக்கோஸுக்குச் சொந்தம். டீச்சர்களின் சம்பளம் மட்டும் சர்க்காருடையது. அதனால் தலைகளை எண்ண ஒவ்வொரு ஜூனிலும் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வரும்.

புதன்கிழமை வரை கணக்கு சரியாக இருந்தது. வியாழனன்று பத்தொன்பதாம் எண் தேவாங்கனா, அப்பாவுக்கு மாற்றலாகிக் கண்ணூருக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டரில் அவள் பெயர் இன்னும் நீங்கவில்லை.

"அதுக்கென்ன டீச்சரே, அந்த அசாம் குட்டி இருக்காளே," என்றார் குரியாக்கோஸ், சன்னலோர பெஞ்சைக் காட்டி. "தலைன்னா தலைதானே?"

மாமோனி முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிளைவுட் கம்பெனியில் வேலை. ஆதார் இல்லாததால் கம்ப்யூட்டர் அவளை ஏற்கவில்லை. ஜிஸ்னாதான் வருகைப் பதிவேட்டின் அடியில் பென்சிலால் அவள் பெயரை எழுதி, தினமும் பென்சிலாலேயே குறி போட்டு வந்தாள்.

அன்றும் மறுநாளும் அவளைப் பழக்கினார்கள். "தேவாங்கனா" என்றால் எழுந்து "ஹாஜர் டீச்சர்" சொல்ல வேண்டும். முதலில் மாமோனிக்குச் சிரிப்பு வந்தது. லைலா டீச்சர் மிட்டாய் கொடுக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை மழையோடு கல்வி அலுவலகத்து ஹரீந்திரன் சார் வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. பேனாவை நீட்டி முன்பெஞ்சிலிருந்து எண்ணினார்: முப்பத்தொன்று. பின்பெஞ்சிலிருந்து ஒருமுறை எண்ணினார். அதே முப்பத்தொன்று.

"ரெண்டு தடவை எண்ணினா ரெண்டு போஸ்ட் தருவீங்களா சாரே?" என்றார் குரியாக்கோஸ்.

"ஒண்ணு தரவே எங்க ஆபீஸ்ல ஆறு கையெழுத்து." சார் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயும் பழம்பொரியும் வந்தன. "டீச்சர் பேரைக் கூப்பிடுங்க. நான் டிக் போடறேன்."

பதினெட்டு வரை கூப்பிட்ட ஜிஸ்னா ஒருமுறை சன்னலோர பெஞ்சைப் பார்த்தாள்.

"தேவாங்கனா."

மாமோனி சட்டென்று எழுந்தாள். "ஹாஜர் டீச்சர்." உச்சரிப்பில் குறையே இல்லை. சார் தலை நிமிராமல் டிக் போட்டார். குரியாக்கோஸ் மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இருபதைக் கூப்பிட்டுவிட்டால் தப்பித்தாயிற்று. ஆனால் மாமோனி உட்காரவில்லை, சரியாகச் சொன்னேனா என்று ஜிஸ்னாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலை குழாயடியில் "மாமோனி" என்று இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. "தேவாங்கனா" என்றதும் திரும்பினாள். காலையிலிருந்து அது ஜிஸ்னாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

"சார், பத்தொன்பது இந்தக் குழந்தை இல்ல."

சார் தாளையே பார்த்தார். "டிக் போட்டுட்டேனே."

"அடிச்சிடுங்க சார். அந்தக் குழந்தை கண்ணூருக்குப் போயாச்சு."

"டீச்சரே," என்றார் குரியாக்கோஸ் மெதுவாக, "இது உங்க வேலை. ஞாபகம் இருக்கா?"

ஜிஸ்னா பதிவேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்து அடியிலிருந்த பென்சில் வரியைக் காட்டினாள். சார் கைக்குட்டையில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"ஆறு நாளும் வந்திருக்காளா?"

"ஒரு நாளும் விடல சார்."

"உன் பேரென்ன மோளே?"

எதைச் சொல்வது என்று தெரியாமல் மாமோனி ஜிஸ்னாவைப் பார்த்தாள்.

"உன் பேரைத்தான்," என்றாள் ஜிஸ்னா.

"மாமோனி காதூன்." குரல் பாதிதான் வந்தது.

சார் பத்தொன்பதை அடித்தார். மீதிப் பெயர்களை அவரே கூப்பிட்டு முடித்தார். "பட்டியல்ல முப்பது. நம்பர் இல்லாம வகுப்புல ஒருத்தி. ரெண்டையும் எழுதறேன். இந்தப் பென்சில் பக்கத்துக்கு நகல் வேணும். இனி மையில எழுதுங்க. போஸ்ட் உண்டா இல்லையான்னு மேல சொல்லுவாங்க."

"எப்ப சார்?"

"ஓணத்துக்கு முன்னால வந்தா உங்க அதிர்ஷ்டம்."

"இங்க நடந்ததையும் எழுதுவீங்களோ?" என்று குரியாக்கோஸ் கேட்டார்.

"பத்தொன்பது போயாச்சுன்னு டீச்சர் சொன்னாங்க, அதை எழுதறேன். அவங்க சொல்லாம நானே கண்டுபிடிச்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குடையை எடுத்தார்.

குரியாக்கோஸும் பின்னாலேயே போனார். லைலா டீச்சர் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே ஜிஸ்னாவிடம், "நாளைக்கு வருவியா?" என்று கேட்டார்.

"கடுதாசி வர்ற வரைக்கும் வருவேன் டீச்சர்."

மறுநாள் ஜிஸ்னா பதினெட்டுக்குப் பிறகு நேராக இருபதைக் கூப்பிட்டாள். கடைசியில், மையில் எழுதிய புதுப் பெயரை வாசித்தாள். யாரும் எழவில்லை. மாமோனி இன்னும் பத்தொன்பதுக்காகக் காத்திருந்தாள். ஜிஸ்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தானும் காத்திருந்தாள்.

பக்கத்திலிருந்த பெண் முழங்கையால் இடித்தாள். "எடி, உன்னைத்தான்."

"ஹாஜர் டீச்சர்," என்று மாமோனி எழுந்தாள்.